இரண்டாவது கேள்வி

அவளுடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஒரு கோப்பின் மேலுறையில் அதை ஒருமுறை என் கையால் எழுதியிருக்கிறேன். அந்தக் கை மறுபடியும் அதை எழுத வேண்டாம். நான் வேலை பார்த்த அலுவலகத்தின் பெயரும் வேண்டாம். சான்றிதழ் கொடுக்கும் ஓர் இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொடுக்காமல் இருக்கும் இடம் என்று வைத்துக்கொண்டாலும் பெரிய தவறில்லை.

முதலில் அவளைப் பார்த்தது எண்பதுகளின் தொடக்கத்தில், ஓர் ஆடிக் கிருத்திகை நாளில். திருத்தணி மலையடிவாரத்துத் தகவல் பந்தலில் எனக்குச் சிறப்புப் பணி. அதாவது, நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, கேட்க வருகிறவர்களை வேறு பந்தலுக்கு அனுப்பும் பணி. மைக் ஒரு காவலரிடம் இருந்தது. தெற்குச் சீமையிலிருந்து பந்தோபஸ்துக்கு வந்தவர். காவடிக் கூட்டத்தில் தொலைந்துபோன நாலு வயதுப் பெண்குழந்தை ஒன்றை யாரோ கொண்டுவந்து விட்டார்கள்.

"உங்க அப்பா பேரு என்ன பாப்பா?" என்றார் காவலர்.

"நைனா."

அவர் கணீரென்று அறிவித்தார்: "நைனா என்பவர் எங்கிருந்தாலும் உடனடியாகத் தகவல் பந்தலுக்கு வரவும்!"

எங்கள் பக்கத்தில் பாதி வீடுகளில் அப்பாவுக்குப் பெயரே நைனாதான் என்பது அவருக்கு யார் சொல்லியிருப்பார்கள்? பத்து நிமிடத்தில் முப்பது நைனாக்கள் வந்து நின்றார்கள். ஒருவர் தன் மகளைத் தோளில் வைத்துக்கொண்டே வந்தார். "எம் பொண்ணு இதோ கீறா சார். ஆனா கூப்ட்டீங்களேன்னு வந்தேன்" என்றார். காவலர் வியர்த்துப் போனார்.

தண்ணீர்ப் பானை அருகே நின்றிருந்த ஒரு பெண் வந்து குழந்தைக்கு முன்னால் குந்தினாள். இருபத்தைந்து வயதுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். தலைமுடியில் பஞ்சுத் தூசி.

"உங்க நைனா அம்மாவ எப்டி கூப்புடுவாரு?"

குழந்தை கொஞ்சமும் யோசிக்கவில்லை. "ஏய் கஸ்தூரி!"

கஸ்தூரி மூன்றாவது நிமிடம் ஓடி வந்தாள்.

"அம்மா பேரையே கேட்டிருக்கலாமே" என்றார் காவலர், விட்டுக்கொடுக்காமல்.

"அம்மா பேரு கேட்டா அம்மான்னு சொல்லும் சார். மொத கேள்விக்கு எல்லாரும் பழக்கத்துல வர்றதத்தான் சொல்வாங்க. ரெண்டாவது கேள்விலதான் விசயம் வரும்."

அன்று பொழுது சாயும்வரை மைக் அவளிடம் இருந்தது. எனக்கு அப்போதே கொஞ்சம் எரிச்சல்தான். முதல் கேள்வியோடு நிறுத்திக்கொள்வதற்காகவே சம்பளம் வாங்குகிறவன் நான்.

அம்மையார்குப்பத்து நெசவுக் குடும்பம். தகப்பனார் திருத்தணியில் ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு கொட்டகையை வாடகைக்கு எடுத்து இரண்டு விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தார். வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ், சண்டையில் இரண்டும். இவள் சென்னையில் ஒரு நிறுவனத்தில் தபால் மூலம் வானொலி இதழியல் படித்துக்கொண்டிருந்தாள். பாடங்கள் சைக்ளோஸ்டைலில் எடுத்த தாள்களாக வரும். மாதம் ஒரு ஞாயிறு நேரடி வகுப்பு. சிறப்புப் பாடமாக அவள் எடுத்திருந்தது திரைச் செய்தி. வானொலியில் சினிமாக்காரர்களைப் பேட்டி எடுப்பதுதான் அவள் வாழ்க்கையில் செய்ய விரும்பிய ஒரே வேலை.

இதைச் சொன்னால் ஊரில் சிரிக்காதவர் இல்லை. நானும் சிரித்தேன். படித்தவன் என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தேன். "பேட்டி எடுக்கணும்னா எவ்வளவோ பெரிய விஷயம் இருக்கேம்மா. விவசாயம், சுகாதாரம். போயும் போயும் சினிமாவா?" என்றேன்.

அவள் தலையை இடது பக்கம் சாய்த்துக்கொண்டு கேட்பாள், ஒரு காதால் தறியைக் கேட்டுக்கொண்டே மறு காதை நமக்குக் கொடுப்பதுபோல. தறி இல்லாத இடத்திலும் அப்படித்தான்.

"எங்க கொட்டாயில நியூஸ் வந்தா ரேடியோவ கொறைக்கறாங்க சார். விவசாயம் வந்தா நிறுத்தியே பூடறாங்க. சினிமா வந்தா தறிய நிறுத்தறாங்க. தறி நிக்குதுன்னா அதானே சார் முக்கியமான சேதி? அத யாரோ ஒருத்தர் 'உங்களுக்குப் பிடிச்ச நிறம் எது'ன்னு கேட்டு வீணாக்கிகினு கீறாங்க."

இதற்கு என்னிடம் பதில் இருந்ததாக அப்போது நினைத்தேன்.

நான்காம் பாடத்தில் ஒரு பயிற்சி: பணியில் இருக்கும் ஒருவரிடம் ஐந்து கேள்விகள் கேட்டு எழுதி அனுப்ப வேண்டும். அதற்காக என் அலுவலகத்துக்கு வந்தாள். பிறகு வருவது வழக்கமாகிவிட்டது. விதிமுறைகள் எல்லாம் எனக்குத் தெரியும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அது உண்மை. எந்த மனுவுக்கு எந்த இணைப்பு, எந்தக் குறிப்பு எத்தனை நாளில் மேலே போக வேண்டும், எது போகாமலே இருந்தால் யாரும் கேட்கமாட்டார்கள், எல்லாம் தெரியும். "இந்த அலுவலகத்தின் நோக்கம் என்ன?" என்று கேட்டாள். "பொதுமக்கள் சேவை" என்றேன். "அப்போ பொதுமக்கள் வர்ற கதவுகிட்ட ஏன் சார் பெஞ்சி இல்ல?" என்றாள். கதவருகே இருந்த பெஞ்சைக் கோப்புக் கட்டுகள் வைப்பதற்காக உள்ளே எடுத்துப் போட்டவன் நான்தான்.

சில நாள் கழித்துப் பெஞ்சு வெளியே போனது. என்னைப் பற்றி நல்லதாகச் சொல்ல இந்த ஒன்றுதான் இருக்கிறது. அதனால் எழுதிவைக்கிறேன்.

ஞாயிறு வகுப்புக்கு விடிகாலை ரயிலில் அரக்கோணம் போய், அங்கிருந்து சென்னை வண்டி. வண்டியிலேயே பயிற்சி. திருவாலங்காட்டில் ஏறும் சர்க்கரை ஆலைத் தொழிலாளி மணவூர் வருவதற்குள் தன் மாமியார் சண்டை வரைக்கும் சொல்லிவிடுவாராம். ஆனால் நிறுவனத்தின் ஒலிப்பதிவு அறையில் அவளுக்குப் பேச்சே வரவில்லை. கதவைச் சாத்தியதும் உள்ளே ஒரு சத்தமும் இல்லை. பிறந்ததிலிருந்து தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகியவள்.

"காதுல பஞ்ச வெச்சி அடச்சா மாதிரி ஆயிட்ச்சி சார். நான் பேசறது யாரோ பேசற மாதிரி கேக்குது. ஃபேனாச்சும் போடுங்க மேடம்னேன். அந்தம்மா சிரிச்சிட்டாங்க."

அந்த அறையைப் பிறகு ஜெயித்துவிட்டாள். சத்தமில்லாத இடத்தில் எப்படிக் காத்திருப்பது என்பதை அங்கேதான் கற்றதாகச் சொன்னாள். தறிக்கூடத்தில் நூல் அறுந்து தறி நிற்கும் அந்த அரை நிமிடத்துக்காகக் காத்திருந்துதான் எதையும் சொல்ல முடியும். இங்கே தலைகீழாக, கேள்வியைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். "நாம சும்மா இருந்தா அவங்களால சும்மா இருக்க முடியல சார்."

அவளுடைய பயிற்சி நாடாக்களைத் திருத்துகிறவர் 'வந்துகினு', 'சொல்லிகினு' வரும் இடங்களிலெல்லாம் சிவப்புக் கோடு போட்டு, 'இது வானொலித் தமிழ் அன்று' என்று எழுதி அனுப்பினார். பதிலுக்கு இவள் எழுதினாள்: 'கேள்வி கேட்கும் நான் வானொலித் தமிழில்தான் கேட்டிருக்கிறேன். பூ விற்கும் அம்மா தன் தமிழில் பதில் சொல்லியிருக்கிறார். அவரையும் நான் திருத்திப் பேசவைத்தால் அது பேட்டியா, ஒப்பித்தலா?' அதற்கு வந்த பதில் நான்கு மதிப்பெண் குறைவு.

அவளோடு இருப்பது சுகமான காரியம் இல்லை. அதையும் சொல்ல வேண்டும். கல்யாணத்துக்குப் பார்க்க வந்த மாப்பிள்ளையிடம் "ரேடியோ கேப்பீங்களா?" என்றிருக்கிறாள். "டெய்லி கேப்பேன்" என்றான் அவன், சந்தோஷமாக. "நேத்து இன்னா கேட்டீங்க?" என்றாள். வந்தவர்கள் காப்பியை முடிக்காமல் எழுந்து போய்விட்டார்கள். அவள் நைனா டீக்கடையில் என்னிடம் தலையில் அடித்துக்கொண்டார். "கல்லு மாதிரி கீறான் சார் மாப்ள. அவன்கிட்ட போயி பரிட்ச வெக்குது இது. இன்னா பண்றது சொல்லுங்க?"

நான் என்ன சொல்வேன்? விதியில் இதற்கு இடமில்லை.

அந்தச் சமயத்தில் ஒரு சாவு நடந்தது. அவர்கள் தெருவில் தறி ஓட்டிய ஒருவர். ஒரு நடிகருக்கு வெறிபிடித்த ரசிகர். புதுப் படம் வந்த அன்று, சினிமாக் கொட்டகை வாசலில் வைத்திருந்த நடிகரின் கட்அவுட்டுக்கு மாலை போடச் சாரத்தில் ஏறி, விழுந்து இறந்துபோனார். இவள் ஒரு வாரத்திலேயே அவருடைய மனைவியைப் பார்க்கப் போனாள். எனக்கு அது அருவருப்பாக இருந்தது. முகத்துக்கு நேராகவே சொன்னேன்.

"நான் டேப்ப எடுத்துகினு போவல சார். கேக்கத்தான் போனேன். எல்லாரும் 'அய்யோ பாவம்'னு சொல்லிட்டு வந்துட்டாங்க. அவரு மாலைய கழுத்துல போட்டு முடிச்சிட்டாராம். அதுக்கு மேலயும் ஏறிகினு போனாராம். ஏன்னு யாருமே கேக்கல. அந்தக்காதான் சொன்னாங்க. கண்ணுக்கு நேரா போயி நின்னா, அவரு நம்மளயே பாக்கற மாதிரி இருக்கும்னு சொல்லிகினே இருப்பாராம்."

ஒரு மாதம் கழித்து அந்த நடிகர் திருத்தணிக்கு மொட்டை போட வந்தார். அவளுடைய கடைசிப் பயிற்சி அப்போது பாக்கி இருந்தது: திரையுலகப் புள்ளி ஒருவரைப் பத்து நிமிடம் பேட்டி காண வேண்டும். அக்கா புருஷனிடம் ஒரு டேப் ரெக்கார்டர் இருந்தது. அந்தப் பாவாவையும் இழுத்துக்கொண்டு மலையடிவாரத்து முடி காணிக்கை மண்டபத்துக்குப் போய்விட்டாள்.

மறுநாள் மதிய உணவு வேளையில் அந்த டேப்பை என் மேஜையில் வைத்து ஓடவிட்டாள். "இதுல சட்டப்படி எதுனா தப்பு கீதா, கேட்டு சொல்லுங்க சார்."

கேட்டேன். தண்ணீர் விழும் சத்தம், மணிச் சத்தம், யாரோ "அடுத்த ஆளு வாப்பா" என்று கூப்பிடுவது. பிறகு அவள் குரல், சுத்தமான வானொலித் தமிழில்: "எதற்காக இந்த வேண்டுதல்?"

"என் ரசிகப் பெருமக்கள் எல்லாரும் நல்லா இருக்கணும்னு."

"அவர்களில் ஒருவர் எங்கள் தெருக்காரர். உங்கள் கட்அவுட்டில் ஏறி விழுந்து போன மாதம் இறந்துபோனார். உங்கள் கண்ணுக்கு நேராக நின்றால் நீங்கள் தன்னைப் பார்ப்பதுபோல இருக்கும் என்று ஏறினாராம். அவர் மனைவி சொன்னார். அந்த அம்மாவை நீங்கள் போய்ப் பார்த்தீர்களா?"

"அப்படியா?" என்றார் நடிகர்.

"ஆங். அப்டிதான்" என்றாள். வானொலித் தமிழ் அந்த ஒரு இடத்தில் கைவிட்டுப் போயிருந்தது. "இப்போது தெரிந்துவிட்டதே. இங்கிருந்து இரண்டு தெருதான். போவீர்களா?"

அதற்குப் பிறகு டேப்பில் மணி அடித்தது, தண்ணீர் விழுந்தது. அவள் சும்மா இருந்தாள். நடிகரும் சும்மா இருந்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொரு விநாடி. பிறகு யாரோ மைக்கைக் கையால் பொத்தும் சத்தம்.

"தப்பே இல்ல. பொது இடம், அவரே ஒத்துக்கிட்டுப் பேசியிருக்கார். தப்புன்னு சொல்ல எந்தச் சட்டத்திலயும் இடமில்ல" என்றேன். அவ்வளவு உறுதியாகச் சொன்னேன்.

நடிகர் அந்த இரண்டு தெருவைக் கடக்கவில்லை. கார் நேராகச் சென்னைக்குப் போனது. நிறுவனத்திலிருந்து வந்த திருத்தக் குறிப்பு இது: 'விருந்தினரைச் சங்கடப்படுத்துவது பொழுதுபோக்கு இதழியல் ஆகாது. பிடித்த உணவு, மறக்க முடியாத படப்பிடிப்பு போன்ற வினாக்களுடன் மறுபதிவு செய்து அனுப்புக.' இப்படி எழுதியவரை நான் பார்த்ததில்லை. பார்க்காத மனிதர்மேல் இத்தனை வருடம் கோபம் நீடிக்குமா என்றால், நீடிக்கிறது.

இதற்கிடையில் அவள் காத்திருந்தது வந்தது. வானொலியில் திரைச் செய்தி நிகழ்ச்சிக்குப் பகுதிநேரமாக ஆள் எடுத்தார்கள். பட்டயம் படித்துக்கொண்டிருப்பவர்களும் வரலாம். குரல் தேர்வுக்கு இவளுக்கு அழைப்புக் கடிதம் வந்துவிட்டது. வயது வரம்புப்படி அவளுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. நேரில் வரும்போது கொண்டுவர வேண்டியவற்றில் ஒன்று, தமிழ்நாட்டைச் சேர்ந்தவர் என்பதற்கான சான்றிதழ். அந்த மனு என் மேஜைக்கு வந்தது. தேர்வுக்கு இன்னும் பதினைந்து நாள் இருந்தது. இரண்டு நாள் வேலை.

மூன்றாம் நாள் இன்னொரு மனு வந்தது. நடிகரின் ரசிகர் மன்றத்துக் கடிதத்தாளில், தட்டச்சில். பத்தொன்பது கையெழுத்து, கடைசி மூன்றும் ஒரே கை. 'மேற்படி பெண் ஆந்திராவில் பிறந்தவர். தெலுங்கு பேசுபவர். தமிழ்க் கலைஞரைப் புனிதத் தலத்தில் இழிவுபடுத்தினார். இவருக்குத் தமிழ்நாட்டுச் சான்றிதழ் எதுவும் வழங்கலாகாது.'

வெளியூர்க்காரர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். அறுபது வரைக்கும் திருத்தணி சித்தூர் மாவட்டத்தில், ஆந்திராவில் இருந்தது. அந்த வருடம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. மலை நகரவில்லை, ஊர் நகரவில்லை, கோடுதான் நகர்ந்தது. அதற்குச் சில வருடம் முன்னால் அவள் திருத்தணியில் பிறந்தவள். பிறந்தாள், அவ்வளவுதான். எந்த மாநிலத்தில் என்பதை அவள் தீர்மானிக்கவில்லை.

எங்கள் அதிகாரி மனுவைப் படித்துவிட்டுக் கூப்பிட்டார். "எதுக்குய்யா நமக்கு வம்பு? கொஞ்ச நாள் அப்படியே வை. தானா ஆறிடும்."

எழுத்தில் தராத உத்தரவை நிறைவேற்ற வேண்டும் என்றால், எழுத்தில் ஒரு காரணத்தை நாம்தான் கண்டுபிடித்துத் தர வேண்டும். எங்கள் வேலையில் திறமை என்று சொல்லப்படுவது இதைத்தான். நான் தேடினேன். கிடைத்தது. அவள் இணைத்திருந்த பிறப்புப் பதிவு நகல் தெலுங்கு எழுத்தில் இருந்தது. கோப்பில் எழுதினேன்: 'அங்கீகரிக்கப்பட்ட தமிழ் மொழிபெயர்ப்பு பெறப்பட்ட பின் பரிசீலிக்கலாம்.' ஓர் எழுத்துப்பிழை கிடையாது. எந்தத் தணிக்கையிலும் நிற்கும். அதிகாரி கீழே சுருக்கொப்பம் போட்டு, "உன்னைவிட்டா ஆள் இல்லைய்யா" என்றார்.

தேர்வுக்கு நாலு நாள் இருக்கும்போது அவள் வந்தாள். உட்காரவில்லை. டேப் ரெக்கார்டரை என் மேஜைமேல் வைத்தாள்.

"ரெக்கார்ட் ஓடிகினு கீது சார். பரவால்லிங்களா?"

"தாராளமா ஓடட்டும். இங்க எல்லாம் விதிப்படிதான் நடக்குது" என்றேன். அந்தத் திமிரை இப்போதும் என் வாயில் உணர முடிகிறது.

"என் மனு இன்னா ஆச்சுங்க?"

"பரிசீலனையில் இருக்கு."

"யாரு பரிசீலிக்கறாங்க?"

"அலுவலகம்."

"அலுவலகம்னா இந்த ரூம்ல யாரு சார்? கைய காட்டுங்க, அவங்ககிட்டயே கேட்டுக்கறேன்."

"நகல் தெலுங்கில் இருக்கும்மா. மொழிபெயர்ப்பு வேணும்."

"அது அங்கீகாரம் வாங்கி வர்றதுக்கு இன்னும் பத்து நாள் ஆவும்னு சொல்றாங்க. அதுல இன்னா எழுதிகீதுன்னு உங்களுக்குத் தெரியாதா சார்?"

தெரியும். திருத்தணியில் பள்ளிக்கூடம் போன என் வயதுக்காரன் எவனுக்கும் தெரியும். அதில் அவள் பெயர்கூட இல்லை. 'பெண் குழந்தை' என்று இருந்தது. தகப்பன் பெயர், தொழில் நெசவு, ஊர் திருத்தணி.

"எனக்குத் தெரிஞ்சா போதாது" என்றேன்.

அவள் தலையைச் சாய்த்தாள். "நீங்க எங்க பொறந்தீங்க சார்?"

"இங்கதான். திருத்தணி."

"அறுபதுக்கு முன்னாலதானே?"

"ஆங்" என்றேன். அலுவலகத்தில் நான் அப்படிப் பேசுகிறவன் இல்லை. வாயில் வந்துவிட்டது.

"அப்போ உங்க நகலும் தெலுங்குலதான இருந்திருக்கும்? அத யாரு சார் மொழிபெயர்த்தாங்க?"

அந்த அறையில் நாலு தட்டச்சு இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. நாலும் நின்றன.

நான் வேலைக்குச் சேரும்போது ஒரு பழைய எழுத்தர் என் நகலைக் கையில் வாங்கினார். படித்தார். அதன் பின்பக்கத்திலேயே தமிழில் நாலு வரி எழுதி, 'படித்துச் சரிபார்த்தேன்' என்று கையெழுத்துப் போட்டார். வெற்றிலையை மென்றுகொண்டே செய்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மொழி தெரிந்த அலுவலர் அப்படிச் செய்யலாம் என்று விதி இருக்கிறது. எண்கூடத் தெரியும். அப்படி எழுத ஒரு பேனா என் சட்டைப் பையில் இருந்தது. நகல் என் இழுப்பறையில் இருந்தது. அவள் என் முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

அவள் சும்மா இருந்தாள்.

நடிகருக்குப் பதினொரு விநாடி. எனக்கு எத்தனை என்று தெரியாது. நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. எதிர்ச் சுவரில் 'மனுக்களை மூன்று நாட்களுக்குள் பைசல் செய்க' என்று ஒரு தாள் ஒட்டியிருந்தது. அதை முழுவதும் படித்தேன். கீழே சுற்றறிக்கை எண் போட்டிருந்தது, அதையும் படித்தேன். கடைசியில் "பாக்கலாம்மா" என்றேன்.

பொத்தானை அமுக்கினாள். "சரிங்க சார்." டேப்பைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு போனாள். கதவருகே பெஞ்சில் அவள் நைனா உட்கார்ந்திருந்தார். எழுந்து எனக்குக் கும்பிடு போட்டார். நான் கோப்பைப் பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டேன்.

அங்கீகரிக்கப்பட்ட மொழிபெயர்ப்பு முறைப்படி வந்தது. சான்றிதழ் முறைப்படி தயாரானது. அதிகாரி முறைப்படி கையெழுத்திட்டார். குரல் தேர்வு முடிந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. சான்றிதழ் இல்லாமலே அவள் போய்ப் பார்த்திருக்கிறாள். வாசலில் தாள்களைச் சரிபார்க்கிறவர், பாவம், அவருக்கும் ஒரு விதி இருக்குமே, திருப்பி அனுப்பிவிட்டார். அவள் குரலை அங்கே யாரும் கேட்கவில்லை.

இருந்தும் சான்றிதழை வாங்கிக்கொள்ள வந்தாள். வழங்கல் பதிவேட்டைத் திருப்பி வைத்துப் பேனாவை நீட்டினேன். பெயருக்கு நேரே எழுதினாள், கையெழுத்துப் போட்டாள், தாளை இரண்டாக மடித்தாள், போனாள். போன பிறகுதான் பார்த்தேன். எல்லாரும் 'பெற்றுக்கொண்டேன்' என்று எழுதும் கட்டத்தில் அவளும் அதைத்தான் எழுதியிருந்தாள். அடுத்த கட்டம் 'குறிப்பு'. அதை யாரும் நிரப்புவதில்லை. அதில் ஒரு சொல் எழுதியிருந்தாள்.

'எதற்கு?'

அதற்கு அடுத்த வருடம் அவள் நைனா தறிகளை விற்றுவிட்டு, இவளையும் கூட்டிக்கொண்டு பெரிய மகளோடு எங்கோ போய்விட்டார் என்று டீக்கடையில் சொன்னார்கள். நிறுவனத்துக்கு மறுபதிவு எதையும் அவள் அனுப்பவில்லையாம். கடைசிப் பயிற்சியாக ஒரே டேப்பில் இரண்டு பேட்டிகளை அனுப்பினாளாம், ஒன்று நடிகருடையது, மற்றது ஓர் அரசாங்க ஊழியருடையது. உறையின்மேல் 'பொழுதுபோக்கு' என்று எழுதியிருந்தாளாம். இதை எனக்குச் சொன்னவர் சிரித்துக்கொண்டே சொன்னார். அந்த ஊழியர் யாரென்று அவருக்குத் தெரியாது.

இப்போது என் வீட்டுத் தொலைக்காட்சியில் நாளெல்லாம் சினிமாக்காரர்கள் பேட்டி கொடுக்கிறார்கள். எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் நன்றாகப் படித்தவர்கள், அருமையான உடை. 'உங்களுக்குப் பிடித்த சாப்பாடு?' என்கிறார்கள். பிரியாணி என்கிறார் அவர். உடனே வேறு கேள்விக்குப் போய்விடுகிறார்கள். "அப்புறம்? அப்புறம் கேளுடா!" என்று கத்திவிடுகிறேன். "அதுங்க காதுல வுழுமா? ஏன் கத்திகினு கீறீங்க?" என்கிறாள் என் மனைவி.

பதிவேட்டை வருடாவருடம் தணிக்கை செய்தார்கள். அந்தப் பக்கத்தில் ஒவ்வொரு வருடமும் ஒரு பச்சை டிக் விழுந்தது. கேள்விக்குறிமேல் டிக் போட்டுவிட்டுப் போன அத்தனை பேரும் என்னைவிடப் பெரிய படிப்புப் படித்தவர்கள். பதிவேட்டில் எழுப்பப்படும் எந்த வினாவுக்கும் எழுத்தில் விடை தரப்பட வேண்டும் என்று விதி உண்டு. அந்த எண்ணும் எனக்குத் தெரியும்.

ஓய்வு பெறுகிற நாளில் பொறுப்பை ஒப்படைக்கும் படிவத்தை நிரப்பினேன். இருபத்திரண்டு இனங்கள். பதிவேடுகள் எத்தனை, முத்திரைகள் எத்தனை, சாவிகள் எத்தனை. கடைசி இனம், விடையளிக்கப்படாமல் நிலுவையில் உள்ளவை.

'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.